வினிகர் வாங்காத வீடு

அத்தியாயம் ஒன்பது

“வாசிச்சு முடிச்ச பாட்டெல்லாம் எங்க போகும்?”

ஆறு வயதில் தெரேஸ் இப்படிக் கேட்டாள். அது 1957 ஜனவரி. செகெத் நகரில் ஆற்றோரமாக இருந்த டிசா ஒலிப்பதிவு நிலையத்தின் உள்ளே, அவளுடைய அம்மா மார்கித் அப்போதுதான் ஷூபர்ட்டின் பியானோ சொனாட்டா ஒன்றை வாசித்து முடித்திருந்தார். அம்மா கையுறையைத் தேடிக்கொண்டிருந்தார். பதில் சொன்னவர் ஒலிப்பொறியாளர் போதிஷ் கல்மான்.

“பெட்டிக்குள்ள போகும் பாப்பா. நான் பத்திரமா வச்சிருப்பேன்.”

ஐந்து வருஷம் கழித்து மார்கித்தின் தம்பி எல்லை தாண்டி மேற்கே ஓடிப்போனார். உடனே கம்யூனிஸ்ட் அரசு அக்காவின் பெயரைக் கலைஞர்கள் பட்டியலிலிருந்து அடித்தது. அவர் வாசித்திருந்த ஒரே ஒலிநாடாவை அழித்து, அதிலேயே வேறு எதையாவது பதியும்படி உத்தரவு வந்தது. ‘அழிக்கப்பட்டது’ என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவரும் அதே கல்மான்தான். அதன்பின் மார்கித்தை யாரும் வாசிக்க அழைக்கவில்லை. அவர் சீக்கிரமே காலமானார். கல்மானும் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

இப்போது 1994 ஜூலை. தெரேஸுக்கு நாற்பத்து மூன்று வயது. வலது காது சிறு வயதுக் காய்ச்சலோடு போய்விட்டது. இடது காதின் நரம்பில் கட்டி. நாளைக் காலையில் அறுவை சிகிச்சை. உயிரைக் காப்பாற்றிவிடலாம், காதைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இன்று மாலை ஆறு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்குள் அம்மா வாசித்ததை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும்.

அதற்காகத்தான் துப்பறியும் அலாயோஷ் மூன்று வாரமாக ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்தார்.

காலை ஒன்பது மணி. டிராம் நிறுத்தத்தின் பெஞ்சில் அலாயோஷ் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் பிரோஷ்கா வறுத்த பன்றித்துண்டு வைத்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். முப்பது வருஷம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள்.

“எட்டு வீடு ஏறி இறங்கியாச்சு முதலாளி. ஏழு பேர் தெரியாதுன்னாங்க. ஒருத்தர் நாயை அவிழ்த்து விட்டார். அந்த நாய் ஒண்ணுதான் நம்மகிட்ட ஒளிவுமறைவு இல்லாம பேசுச்சு.”

“ஒன்பதாவது வீடு இருக்கு.”

“இருக்கும். ஒன்பதாவது நாயும் இருக்கும்.”

அலாயோஷ் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ஒலிப்பதிவு நிலையத்தை மூடியபோது குப்பைக்குப் போக இருந்த கிடங்குப் பதிவேட்டின் ஒரு பக்கம் அது. கெஞ்சி வாங்கி வந்திருந்தார்.

“இதைப் படி. 1962 மார்ச். போதிஷ் கல்மான் வீட்டுக்கு எடுத்துப் போனது: சோதனை ஒலி நாடா ஒண்ணு. நீளம் முப்பது நிமிஷம். அழிக்காதேன்னு முத்திரை.”

“சோதனை ஒலின்னா?”

“மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்கறதுக்கு ஒரு சத்தம். கூன்னு ஒரே சுருதியில விசில் அடிக்கும். அது எல்லாப் பொறியாளருக்கும் வேணும். அதனால அதை மட்டும் எவனும் அழிக்க மாட்டான்.”

“சரி, இருக்கட்டும்.”

“நீ டிராம் மணியைச் சோதிக்கணும்னா எத்தனை தடவை அடிப்பே?”

“ரெண்டு.”

“அப்ப மெஷினைச் சோதிக்க முப்பது நிமிஷம் விசில் எதுக்கு?”

பிரோஷ்காவின் வாய் பாதி மெல்லலில் நின்றது.

“மாமியார் வீட்டுக்கு வந்திருப்பாங்க, அவங்க பேச்சு காதுல விழாம இருக்கவோ என்னமோ,” என்றாள். பிறகு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டாள். “வாங்க, போகலாம். டிராம் வருது.”

*

கல்மானின் மனைவி இல்கா ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தாள். எழுபது வயது. தெரேஸ் முன்பே வந்து முற்றத்தில் காத்திருந்தாள். கதவு திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் அவள் கேட்டாள்.

“உங்க வீட்டுக்காரர்தானே எங்கம்மா டேப்பை அழிச்சது?”

“கையெழுத்து அவரோடதுதாம்மா,” என்றாள் இல்கா. “உள்ள வாங்க. வெயில் அடிக்குது.”

அலாயோஷ் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, நாளைய அறுவை சிகிச்சையைப் பற்றியும் சொன்னார். இல்கா அப்ரனின் ஓரத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தம்பி, உங்களை ஏமாத்தக் கூடாது. அவர் போனதும் பழைய டேப் வாங்கறவங்க மூணு பேர் வந்தாங்க. அலமாரி, கட்டிலடி, நிலக்கரி வைக்கிற பொந்து, ஒண்ணு விடலை. இருந்ததையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்படி ஒரு டேப் இருந்திருந்தா அவங்க விட்டிருப்பாங்களா?”

மூவரையும் அலாயோஷ் ஏற்கெனவே பார்த்துவிட்டார். அவர்களிடம் அது இல்லை. ஆக ஒன்பதாவது வாசலும் அடைந்துவிட்டது. மணி பத்தேகால்.

தெரேஸ் கைப்பையைத் தோளில் மாட்டினாள். “போதும் சார். என்னை வீட்டுக்குப் போக விடுங்க. மிச்ச நேரத்துல பறவைச் சத்தத்தையாவது கேட்டுக்கறேன்.”

“ஒரு நிமிஷம் இருங்க,” என்றாள் இல்கா. “இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. வெறும் வயித்தோட போகக் கூடாது.”

ஜன்னல் விளிம்பில் வெயிலில் இருந்த கண்ணாடி ஜாடியிலிருந்து வெள்ளரிக்காய்களை எடுத்து, பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியோடு மேஜையில் வைத்தாள். பிரோஷ்கா கடிகாரத்தைக் காட்டிக் கண்ணால் ஜாடை செய்தாள். தெரேஸ் உட்காரவேயில்லை.

அலாயோஷ் உட்கார்ந்தார். அவருக்குப் பசியில்லை, நம்பிக்கையும் இல்லை. ஆனால் தனியாக இருக்கிற ஒரு பெண் எடுத்து வைத்ததைத் தொடாமல் எழுந்து போவது அவருக்குத் தெரியாத காரியம். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வெள்ளரியைக் கடித்தார்.

“முன்னாடி வந்தவங்க யாரும் சாப்பிடலை,” என்றாள் இல்கா. “ரொம்ப அவசரம் அவங்களுக்கு.”

அலாயோஷ் மெதுவாக மென்றார். இன்னொன்றை எடுத்தார். பிறகு மூன்றாவதையும் எடுத்தார்.

“முதலாளி,” என்றாள் பிரோஷ்கா, “நாம துப்பறிய வந்தோம், விருந்துக்கு வரலை.”

“அத்தை,” என்றார் அலாயோஷ், “இதுல வினிகர் போடலையா?”

“வினிகரா? எனக்கு வயித்துப்புண் தம்பி. எழுபத்தொன்பதுல டாக்டர் சொன்ன நாளிலிருந்து வினிகர் இந்த வாசப்படி தாண்டலை. உப்புத் தண்ணி, பூண்டு, மேல ஒரு ரொட்டித் துண்டு. மிச்சத்தை வெயில் பார்த்துக்கும்.”

“குளிர்கால ஊறுகாய்?”

“அதுவும் கிடையாது. பழஜாம் மட்டும்தான்.”

உட்கார்ந்ததிலிருந்தே லேசாக வந்துகொண்டிருந்த ஒரு நெடியைப் பின்தொடர்ந்து அலாயோஷ் எழுந்து சமையலறையின் பின்பக்கம் போனார். அங்கே சாமான் அறையின் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கிட்டே போகப் போக மூக்கில் ஏறியது. சந்தேகமே இல்லாத வினிகர் நெடி.

“அப்ப இது என்ன வாசனை?”

“அதுவா? அது எப்பவும் அப்படித்தான். மேல் வீட்டுக்காரி போத்தலை உடைச்சிருப்பா, சுவர் வழியா இறங்குது. வருஷத்துக்கு ரெண்டு தடவை சோடா போட்டுத் தேய்ச்சுக் கழுவறேன். போக மாட்டேங்குது.”

“பதினஞ்சு வருஷமாவா?” என்றாள் பிரோஷ்கா. “அந்த மேல் வீட்டுக்காரிக்குக் கை நடுக்கம் ஜாஸ்தி போலிருக்கு.”

அலாயோஷ் சிரிக்கவில்லை. “அம்பதுகள்ல செஞ்ச டேப் கெட ஆரம்பிச்சா இந்த வாசனைதான் வரும். டேப் வாங்கறவங்க எல்லாருக்கும் அது தெரியும். வேற எந்த அறையில அடிச்சிருந்தாலும் அந்த மூணு பேரும் சுவரையே பேர்த்திருப்பாங்க.”

செகெத்தில் சாமான் அறை என்றால் ஊறுகாய் போட்ட வினிகர் நெடி இருக்கத்தான் செய்யும். இல்லாவிட்டால்தான் சந்தேகம் வர வேண்டும். வந்தவர்கள் ஜாடிகளைப் பார்த்தார்கள், ஊறுகாய் என்று நினைத்தார்கள், கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். ஒரு வெள்ளரிக்காயை மரியாதைக்குக் கடித்திருந்தால்கூட அவர்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

ஜாம் ஜாடிகளை இறக்கினார்கள். பிரோஷ்கா பலகையைத் தூக்கினாள். புகைபோக்கிச் சுவரை ஒட்டி, இரண்டு பலகைகளுக்கு நடுவே, ஒரு சதுர அட்டைப்பெட்டி நின்றவாக்கில் செருகியிருந்தது. மேலே சிவப்பு முத்திரை: சோதனை ஒலி. அழிக்காதே.

தெரேஸ் இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அலாயோஷின் முகத்தில் மட்டும் வெற்றியின் அடையாளம் எதுவும் இல்லை. புகைபோக்கிச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். முப்பத்திரண்டு குளிர்காலங்கள் அந்தச் சுவர் சூடாகியிருக்கும்.

“வாசனை இவ்வளவு பலமா இருந்தா,” என்று தாழ்ந்த குரலில் பிரோஷ்காவிடம் சொன்னார், “உள்ள அதிகம் மிஞ்சியிருக்காது.”

*

பழைய பதிவுக் கருவிகளைப் பழுது பார்க்கும் வெந்தெல் டிராம் பணிமனைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இருந்தார். பெட்டியைத் திறந்தவுடன் முகத்தைச் சுளித்தார்.

“யார் இதை அடுப்புல வேக வச்சது?”

“வெந்தெல், வேலையைப் பாரு,” என்றாள் பிரோஷ்கா.

நாடா பழுப்பேறி ஓரங்களில் சுருண்டிருந்தது. வெந்தெல் வெளிமுனையை நகத்தால் கிளப்பினார். ஒரு துணுக்கு உடைந்து மேஜையில் விழுந்தது. மீதியை மெஷினின் முன் மெதுவாக இழுத்து இரண்டு விநாடி ஓட்டினார்.

கொட்டகையில் ஒரு விநோதச் சத்தம் எழுந்தது. உறிஞ்சுவது போலக் கிளம்பி, பெரிதாகி, சட்டென்று அறுந்தது. மனிதர் வாசித்த எதைப் போலவும் இல்லை.

“போச்சு,” என்றாள் தெரேஸ்.

“போகலைம்மா,” என்றார் வெந்தெல். “விசிலும் இல்லை. இது பியானோ. தலைகீழா ஓடுது. நல்ல பொறியாளன் டேப்பைத் திருப்பிச் சுத்தி வைக்க மாட்டான். வால், அதாவது பாட்டோட முடிவு, வெளியில. தலை, அதாவது ஆரம்பம், உள்ள. அப்படி வச்சாத்தான் ஒரு சுத்தோட சத்தம் அடுத்த சுத்துல படிஞ்சு முன்கூட்டியே கேட்டுத் தொலைக்காது. கல்மான் வேலையில சுத்தம்.”

“அப்ப திருப்பிச் சுத்துங்க.”

வெந்தெல் அவளைப் பார்க்காமல் பதில் சொன்னார். “தலைக்குப் போகணும்னா முப்பது நிமிஷ டேப்பையும் பிரிக்கணும். இது தாங்காது. கையால சுத்தறேன். எவ்வளவு வருதோ அவ்வளவு.”

மூன்று மணி நேரம் சுற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிரோஷ்கா ஜன்னலைச் சாத்தி, காற்று படாமல் முதுகால் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். நான்கு நிமிட நாடா வெளியே வந்தபோது ஒரு மெல்லிய ஓசை கேட்டது, காய்ந்த வெங்காயத்தோல் நொறுங்குவது போல. அதற்கு மேல் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. கத்தி முனையால் தொட்டதும் பழுப்புத் தூள் கொட்டியது.

“இவ்வளவுதான்,” என்றார் வெந்தெல். “மன்னிச்சுக்கோம்மா. ஆரம்பம் கிடையாது. நடுவும் கிடையாது. முடிவு மட்டும் இருக்கு.”

பிரித்த நாடாவை மெஷினில் மாட்டினார். நகல் எடுக்க ஒரு காசெட்டையும் போட்டார். தெரேஸ் இடது காதை ஒலிபெருக்கிக்கு நேராக வைத்து உட்கார்ந்தாள்.

நல்ல பதிவு என்று சேகரிப்பவர்கள் ஏன் பிதற்றுகிறார்கள் என்பது அலாயோஷுக்கு அன்றுதான் விளங்கியது. இரைச்சல் இல்லை, மூடாக்கு இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் ஒரு பெரிய குளிர்ந்த அறை வந்து நின்றது. அந்த அறையில் ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். இடது கையின் ஒவ்வொரு விரலும் கட்டையை விட்டு எழுந்திருப்பதுகூடக் கேட்டது. மெதுவான, அடங்கிய இசை. அவள் எதையும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் வைத்துவிட்டு, அது கேட்பவரிடம் போய்ச் சேரும்வரை நின்றாள். கடைசிச் சுரம் நெடுநேரம் தேய்ந்துகொண்டே இருந்தது. அது எப்போது முடிந்தது என்று நால்வரில் ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

பிறகு நாற்காலி முனகியது. ஒரு பெண்குரல், ரொம்பப் பக்கத்தில்:

“கல்மான், காலெல்லாம் விறைச்சுப் போச்சு. அடுப்புல ரெண்டு கரி போடேன்பா.”

அத்தோடு நாடாவின் முனை படபடத்துச் சுழன்றது.

தெரேஸ் நகரவில்லை. வெந்தெல் நகல் காசெட்டை அவள் கையில் வைத்தார். மூலநாடா மறுபடி ஓடாது. மெஷினின் அடியில் தூளாகக் கிடந்தது.

“முப்பதுல நாலு,” என்றார் அலாயோஷ் வெளியே வந்து. “தோத்துட்டோம் பிரோஷ்கா.”

பிரோஷ்கா வெறும் பெட்டியை ஒழுங்குபடுத்துகிற பாவனையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு முத்திரைக் காகிதத்தின் பசை காய்ந்து போயிருந்தது. அது அவள் விரலோடு வந்துவிட்டது.

“முதலாளி. கீழ பென்சில்ல என்னமோ எழுதியிருக்கு.”

சிறிய, சுத்தமான எழுத்து. அலாயோஷ் மூக்குக் கண்ணாடியை மாட்டினார்.

‘மார்கித், ஜனவரி 1957. இதற்குப் பதிலாக, இதே நீளத்துக்கு, அழிக்கக் கொடுத்தது: பெந்தெகொஸ்தே ஞாயிறு 1958 கோயில் பூசை, அதில் இல்கா தனியாகப் பாடியது. கிடங்கில் நாடாவை அளந்து வாங்குகிறார்கள், வேறு வழியில்லை. கடவுள் மன்னிப்பார். இல்கா மன்னிப்பாளா தெரியவில்லை.’

“அழிச்சேன்னு போட்ட கையெழுத்து பொய் இல்லை,” என்றார் அலாயோஷ். “ஒரு டேப்பை அழிச்சிருக்கார். மார்கித்தோட பெட்டியில தன் பெண்டாட்டி குரலை வச்சுக் கொடுத்திருக்கார்.”

“அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரிஞ்சா மேல் வீட்டுக்காரியைத் திட்டிக்கிட்டு இருக்க மாட்டாங்க.”

தெரேஸ் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். பெட்டியின் மூடியை வாங்கி எழுத்தை இருமுறை படித்தாள். கொட்டகைச் சுவரிலிருந்த கடிகாரத்தில் மணி மூன்றரை.

“நான் உங்களை வீட்டுல கொண்டு போய் விடறேன்,” என்றாள் பிரோஷ்கா. “ஆறு மணி வரைக்கும் காசெட்டைப் போட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கலாம். இருபது தடவையாவது கேட்கலாம்மா.”

“வேண்டாம்,” என்றாள் தெரேஸ். “நானே போய்க்கறேன்.”

அவள் டிராம் நிறுத்தத்தில் வீட்டுப்பக்கம் போகிற தடத்தில் நிற்காமல் எதிர்த்தடத்தில் போய் நின்றாள். பிரோஷ்கா அதைக் கவனித்தாள்.

“பின்னாடி போகட்டுமா முதலாளி?”

“வேண்டாம்,” என்றார் அலாயோஷ். தொப்பியைக் கழற்றினார். அவள் டிராமில் ஏறும் வரை தலையில் வைக்கவில்லை.

*

இல்கா ஜாம் ஜாடிகளைத் துடைத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். தெரேஸ் பெட்டியின் மூடியை மேஜையில் வைத்து, பென்சில் எழுத்தை வாசித்துக் காட்டினாள். கிழவி துடைத்துக்கொண்டிருந்த ஜாடியைக் கீழே வைக்க மறந்துவிட்டாள்.

“எங்கேயோ தொலைச்சுட்டார்னு நினைச்சேன்,” என்றாள். “கேட்டா வாயே திறக்க மாட்டார். கோபத்துல ஒரு வருஷம் உப்பில்லாம சூப் வச்சேன். அதையும் பேசாம குடிச்சார். சொல்லித் தொலைச்சிருக்கலாம் மனுஷன்.”

“அன்னிக்கு என்ன பாடினீங்க அத்தை?”

“மாதாவுக்கு ஒரு பாட்டு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.”

“பாடுங்க.”

இல்கா அவளைப் பார்த்தாள். “உனக்கு இருக்கறதே ரெண்டு மணி நேரம். போய் அம்மாவைக் கேளும்மா. இந்தத் தொண்டையில இப்ப என்ன இருக்கு?”

“அம்மாவைக் கேட்டாச்சு,” என்றாள் தெரேஸ்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு இடது பக்கம் கிழவிக்கு நேராக வரும்படி உட்கார்ந்தாள். கைப்பையை, அதற்குள் இருந்த காசெட்டோடு, தரையில் வைத்தாள்.

இல்கா அப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தாள். கோயிலில் நிற்பது போலக் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். குரல் கரகரத்தது, உச்சியைத் தொட முடியாத இடங்களில் உதடு மட்டும் அசைந்தது. முதல் சரணம் முடிந்ததும் நிறுத்தினாள்.

“போதுமா?”

“இன்னும் எத்தனை சரணம் இருக்கு?”

“அஞ்சு.”

“அஞ்சும் பாடுங்க.”

முற்றத்தில் யாருமில்லை. மேல் வீட்டில் ஜன்னல் மூடியிருந்தது. நான்காவது சரணத்தில் இல்காவின் குரல் உடைந்து நின்றுவிட்டது. தெரேஸ் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தாள். கிழவி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தச் சரணத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.